பாட்டைப் பற்றிய ஆங்கிலப் பேச்சு: எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் துணை?



தமிழில் நாம் வீடு கட்டுகிறோம், வேட்டி கட்டுகிறோம், கடைக்கு வாடகை கட்டுகிறோம், புலவர் பாட்டுக் கட்டுகிறார், நாளெல்லாம் கூவி விற்றால் தொண்டையும் கட்டிக்கொள்கிறது. இந்த ஐந்துக்கும் நமக்கு ஒரே வார்த்தை போதும். ஆங்கிலத்தில் அப்படியல்ல. வீட்டுக்கு "பில்ட்", வேட்டிக்கு "வேர்", வாடகைக்கு "பே", பாட்டுக்கு "கம்போஸ்" அல்லது "ரைட்" என்று தனித்தனியே சொல்ல வேண்டும். தொண்டை கட்டியவர் "ஐ ஹாவ் லாஸ்ட் மை வாய்ஸ்", அதாவது குரலைத் தொலைத்துவிட்டேன் என்கிறார். தமிழை மனத்தில் வைத்துக்கொண்டு வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் கேட்பவர் திகைத்து நிற்பார்.

ஆகவே ஆங்கிலம் பழகுவோர் ஒற்றை வார்த்தைகளை மனப்பாடம் செய்து பயனில்லை. எந்த வார்த்தைக்கு எந்த வார்த்தை துணையாக வருகிறது என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும். இந்தப் பாடத்தில் பாட்டையும் பாடுவதையும் பற்றிய சொற்சேர்க்கைகளை எடுத்துக்கொள்கிறோம். "வியாபாரிக்குப் பாட்டு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். பினாங்கு ஸ்ட்ரீட்டிலும் குவீன் ஸ்ட்ரீட்டிலும் பாட்டுச் சத்தம் கேட்காத பகல் ஏது? கடைக்கு வரும் வெளிநாட்டார் முதலில் பேச்செடுப்பது பெரும்பாலும் பாட்டைப் பற்றித்தான். அன்றியும், பாட்டுக்கு உரிய சில ஆங்கிலச் சொற்கள் கடன் கடிதத்திலும் விலைப் பேச்சிலும் வேறு அர்த்தத்தோடு வந்து நிற்கின்றன. அவற்றை அறியாதவருக்கு நஷ்டம் உண்டு என்பதைப் பின்னர் காட்டுவோம்.

1. பாடுவது வேறு, ஓதுவது வேறு

பாட்டுக்கு முதல் துணை "ஸிங்" என்பதே. "ஸிங் எ ஸாங்" என்றால் பாட்டுப் பாடுதல். நம்மில் கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம் பக்கத்தார் "பாட்டுப் படித்தான்" என்று சொல்வது உண்டு. அதை அப்படியே "ரீட் எ ஸாங்" என்று மாற்றக் கூடாது. அப்படிச் சொன்னால், எழுதி வைத்த பாட்டைக் கண்ணால் வாசித்தான் என்றே ஆங்கிலேயர் எண்ணுவார்.

அடுத்து மிகவும் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. காதிர் முகைதீன் மரைக்காயர் 1801-ல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு நாள்தோறும் வெளிநாட்டு மக்கள் வருகிறார்கள். பாங்கோசை கேட்டதும், பாடுவது யார் என்று அவர்கள் விசாரிப்பது இயல்பு. அறியாமல் கேட்பவரிடம் கோபம் கொள்ள வேண்டியதில்லை. "தட் இஸ் தி கால் டு ப்ரேயர்" என்று அமைதியாகச் சொன்னால் போதும். பாங்கு சொல்லுதல் என்பதற்கு "கிவ் தி கால் டு ப்ரேயர்" என்பதே சரியான சேர்க்கை. "டெல் தி பாங்கு" என்றால் கேட்பவர் பணம் போடும் பாங்கியை நினைத்துக்கொள்வார்.

அவ்வாறே, குர்ஆன் ஓதுதலுக்கு "ரிஸைட் தி குர்ஆன்" என்று சொல்ல வேண்டும். "ஸிங்" என்பது அறவே பொருந்தாது. "ரீட்" என்பது தவறன்று. ஆனால் அது வாசித்துப் பொருள் அறிவதையும் குறிக்கும். முறைப்படி ஓதுவதற்கு "ரிஸைட்" ஒன்றே திட்டமான வார்த்தை. 1960களின் தொடக்கத்திலிருந்து கோலாலம்பூரில் பெரும் சிறப்போடு நடந்து வரும் கிராஅத் போட்டிக்கும் ஆங்கிலத்தில் "குர்ஆன் ரிஸைட்டல் காம்பெடிஷன்" என்றே பெயர். மனனம் செய்தவரை "ஹி ஹாஸ் மெமரைஸ்ட் தி குர்ஆன்" என்கிறோம். மவ்லிது ஓதுதலுக்கும் "ரிஸைட்" பொருந்தும். நபிபெருமானார் மீது புகழ்ப்பாட்டுப் பாடுவதானால் அங்கே "ஸிங்" வரலாம்: "ஸிங் இன் ப்ரெய்ஸ் ஆஃப் தி ப்ராஃபெட்".

இதனோடு சேர்ந்தாற்போல் இன்னொன்று. "ஸிங் ஹிஸ் ப்ரெய்ஸஸ்" என்று பன்மையில் சொன்னால் பாட்டே வேண்டியதில்லை. ஒருவரை வாயார மெச்சிப் பேசுவது என்று அர்த்தம். "தி கஸ்டமர்ஸ் ஸிங் தி ப்ரெய்ஸஸ் ஆஃப் யுவர் கறி" என்று ஒருவர் சொன்னால், வாடிக்கையாளர் உம் கடைக் கறியை மெச்சுகிறார்கள் என்று கொள்க.

2. பாட்டு உண்டாகும் விதம்

தமிழில் பாட்டெழுதுவோர், மெட்டமைப்போர், பாடுவோர் என்று மூவரைப் பிரிக்கிறோம். ஆங்கிலத்திலும் அம்மூவருக்கும் மூன்று சேர்க்கைகள் உள்ளன. பாட்டின் சொற்களை எழுதுவது "ரைட் தி லிரிக்ஸ்". மெட்டமைப்பது "கம்போஸ் தி மியூசிக்". பாடுவது "ஸிங் தி ஸாங்".

இதற்கு நம்மூர்ப் பிள்ளையையே உதாரணம் காட்டலாம். பி. ராம்லீ அவர்கள் 1929 மார்ச் 22-ல் பினாங்கில் பிறந்தவர். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் பயின்றவர். 1948-ல் சிங்கப்பூர் சென்று ஷா சகோதரர்களின் படக் கம்பெனியில் முதலில் பின்னணி பாடினார். பின்னணிப் பாடகரை ஆங்கிலத்தில் "ப்ளேபேக் ஸிங்கர்" என்பர். "பேக் ஸிங்கர்" என்று சொல்லக் கூடாது. பின்பு அவரே நடிகராகவும் இயக்குநராகவும் இசையமைப்பாளராகவும் விளங்கி 1973-ல் காலமானார். அவர் பிறந்த வீடு இன்று அவர் பெயரால் வழங்கும் சாலையில் நினைவில்லமாக இருக்கிறது.

1960-ல் வந்த "அந்தாரா துவா தாராஜாத்" என்ற படத்தில் அவர் பாடிய "கெத்தாரான் ஜீவா" மலாய் மக்கள் யாவரும் அறிந்த பாட்டு. அதன் சொற்களை எழுதியவர் எஸ். சுதர்மாஜி. ஆகவே ஆங்கிலத்தில், "சுதர்மாஜி ரோட் தி லிரிக்ஸ், ராம்லீ கம்போஸ்ட் தி மியூசிக் அண்ட் ஸாங் தி ஸாங்" என்று பிரித்துச் சொல்ல வேண்டும். "மேட் தி ஸாங்" என்று ஒரே வார்த்தையில் முடித்தால் யாருக்கு எந்தப் பெருமை என்பது விளங்காது.

ஏற்கெனவே உள்ள கவிதைக்கு மெட்டுப் போடுவது "ஸெட் எ போயம் டு மியூசிக்". மெட்டுப் போடுவதற்கு "புட்" என்ற வார்த்தையை நாடாமல் "ஸெட்" என்றே பழகுவோம்.

3. சேர்ந்து பாடுதல்

நமது பல்லவிக்கு ஆங்கிலத்தில் "கோரஸ்", சரணத்துக்கு "வெர்ஸ்". கவிதை அடிக்கும் குர்ஆன் வசனத்துக்கும்கூட "வெர்ஸ்" என்ற அதே வார்த்தை வழங்குகிறது. "எ வெர்ஸ் ஆஃப் தி குர்ஆன்" என்றால் ஓர் ஆயத்து.

பினாங்குக்கே உரிய போரியா ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இச்சொற்கள் எளிதில் விளங்கும். 19-ஆம் நூற்றாண்டில் மதராஸ் பட்டாளத்து முஸ்லிம்களோடு முஹர்ரம் காலப் பாட்டாக இங்கு வந்து சேர்ந்தது போரியா என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. இன்று அது மலாய்க் கலையாகவே நிலைத்துவிட்டது. அதில் "துக்காங் காராங்" எனப்படும் தலைவர் ஓர் அடி பாட, ஒரே மாதிரி உடுத்திய கூட்டத்தார் பல்லவியைத் திருப்பிப் பாடுகிறார்கள். தலைவர் செய்வது "லீட் தி ஸிங்கிங்". கூட்டத்தார் செய்வது "ஜாயின் இன் தி கோரஸ்". பார்த்திருக்கும் ஜனங்களும் கூடவே முணுமுணுத்தால் அது "ஸிங் அலாங்". இங்கே "அலாங்" என்பதற்கு உடன் என்று பொருள்.

தேசியகீதத்துக்கு "நேஷனல் ஆன்தம்" என்பதே பெயர். "நேஷனல் ஸாங்" என்பது பொருந்தாது. நம் நாட்டுத் தேசியகீதம் 1957-ல் சுதந்திரத்தையொட்டி ஏற்கப்பட்டது. அது இசைக்கப்படும்போது எழுந்து நிற்க வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டின் தேசியகீதச் சட்டம் சொல்லுகிறது. அதற்குரிய சேர்க்கை "ஸ்டாண்ட் ஃபார் தி நேஷனல் ஆன்தம்". சங்கக் கூட்டங்களில் தலைமை வகிப்போர், "ப்ளீஸ் ஸ்டாண்ட் ஃபார் தி நேஷனல் ஆன்தம்" என்று அறிவிக்கலாம்.

4. குரலும் சுருதியும்

சுருதி சேரப் பாடுவது "ஸிங் இன் ட்யூன்". சுருதி விலகினால் "அவுட் ஆஃப் ட்யூன்" அல்லது "ஆஃப் கீ". "ஹி கேனாட் கேரி எ ட்யூன்" என்றால் அவருக்குப் பாடவே வராது என்று அர்த்தம். இங்கே "கேரி" என்பதைக் கண்டு மூட்டை சுமப்பதாக எண்ண வேண்டாம். வாய் திறவாமல் மெட்டை முனகுவது "ஹம் எ ட்யூன்". சீட்டியடிப்பது "விஸில் எ ட்யூன்". பாடுமுன் தொண்டையைச் செருமிக்கொள்வது "க்ளியர் யுவர் த்ரோட்".

குரலைப் பற்றிப் பேசும்போது "ஹை", "லவுட்" என்ற இரண்டையும் நம்மவர் குழப்பிக்கொள்கிறார்கள். "லவுட் வாய்ஸ்" என்பது பலத்த சத்தம். "ஹை வாய்ஸ்" என்பது மேல் ஸ்தாயிக் குரல். அது மெதுவாகவும் ஒலிக்கலாம். இசைமுரசு நாகூர் அனிபா அவர்களை எடுத்துக்கொள்வோம். 1925-ல் பிறந்து 2015-ல் மறைந்த அவருடைய குரலை அறியாத தமிழ் முஸ்லிம் வீடு இல்லை. அக்குரலை ஆங்கிலத்தில் "எ பவர்ஃபுல் வாய்ஸ்" என்று புகழ வேண்டும். "ஹி ஸாங் அட் தி டாப் ஆஃப் ஹிஸ் வாய்ஸ்" என்றால் தொண்டை கிழியக் கத்தினார் என்ற தொனி வந்துவிடும்.

"ரேஸ் யுவர் வாய்ஸ்" என்பதும் பாட்டுக்குரிய பாராட்டன்று. "டோன்ட் ரேஸ் யுவர் வாய்ஸ்" என்று வாடிக்கையாளர் சொன்னால், கடைக்காரர் சண்டைக்கு வருகிறார் என்று அவர் நினைக்கிறார். உடனே பேச்சைத் தணித்துக்கொள்வதே வியாபாரத்துக்கு நல்லது.

5. பாட்டுப் போடுதலும் கேட்டலும்

கடையில் பாட்டுப் போடுகிறோம். "புட் எ ஸாங்" என்பது ஆங்கிலமாகாது. "ப்ளே எ ஸாங்" என்றாவது, "புட் ஆன் எ ஸாங்" என்றாவது சொல்ல வேண்டும். "ஆன்" இல்லாவிட்டால் வாக்கியம் முடியாமல் நிற்கும்.

சத்தத்தைக் கூட்டுவது "டர்ன் இட் அப்". குறைப்பது "டர்ன் இட் டவுன்". நிறுத்துவது "டர்ன் இட் ஆஃப்". "குட் யூ டர்ன் தி மியூசிக் டவுன்?" என்று ஒருவர் கேட்டால், பெட்டியைத் திருப்பி வைக்கச் சொல்லவில்லை, சத்தத்தைக் குறைக்கச் சொல்லுகிறார். அதே "டர்ன் டவுன்" விலைப் பேச்சில் வந்தால் மறுத்துவிடுதல் என்று அர்த்தம். "ஹி டர்ண்ட் டவுன் மை ஆஃபர்" என்றால், நான் கேட்ட விலைக்கு அவர் இசையவில்லை என்பதாம். விலையைக் குறைத்தார் என்று புரிந்துகொண்டு சரக்கெடுக்கப் போனால் வீண் அலைச்சல்தான்.

"கேள்" என்ற நம் வார்த்தைக்கு ஆங்கிலத்தில் மூன்று பிள்ளைகள். காதில் தானாக விழுந்தால் "ஹியர்". கருத்தோடு கேட்டால் "லிஸன் டு". வானொலிக்கு எழுதி விருப்பப் பாட்டுக் கேட்டால் "ரிக்வெஸ்ட் எ ஸாங்". மின்னல் எஃப்எம்மில் பாட்டுக் கேட்கிறேன் என்பதற்கு "ஐ லிஸன் டு ஸாங்ஸ் ஆன் மின்னல் எஃப்எம்" என்க. "டு" விட்டுப் போகலாகாது.

உணவுக் கடை நடத்துவோர் இன்னொரு சேர்க்கையையும் தெரிந்துகொள்ள வேண்டும். அது "பப்ளிக் பெர்ஃபார்மன்ஸ்" என்பது. "பெர்ஃபார்ம் எ ஸாங்" என்றால் மேடையில் பாடுவது என்றே நாம் அறிவோம். ஆனால் பாட்டுரிமைக் கழகங்களின் கடிதத்தில், வாடிக்கையாளர் காதில் விழும்படி கடையில் பாட்டை ஒலிபரப்புவதும் "பப்ளிக் பெர்ஃபார்மன்ஸ்" என்ற கணக்கில்தான் வருகிறது. 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டே அனுமதிக் கட்டணம் கேட்கிறார்கள். "நம் கடையில் கச்சேரி ஏதும் நடக்கவில்லையே" என்று அக்கடிதத்தை ஒதுக்கிவிடாமல், விஷயம் அறிந்தவரிடம் காட்டிப் பதில் எழுதுவதே விவேகம்.

6. பாட்டே இல்லாத பாட்டுச் சொற்கள்

இனி முன்னர் சொன்ன நஷ்டக் கணக்குக்கு வருவோம். கீழ்க்கண்டவற்றில் பாட்டும் இல்லை, மெட்டும் இல்லை. எல்லாம் காசும் பேச்சும்தான்.

"ஃபார் எ ஸாங்": அடிமாட்டு விலைக்கு என்று அர்த்தம். ஜார்ஜ் டவுன் கடைவீடுகளைப் பற்றிய பேச்சில் இது அடிக்கடி வரக்கூடியது. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை பழைய கட்டடங்களின் வாடகை மிகக் குறைவாக இருந்தது. 2000 ஜனவரி 1 முதல் அக்கட்டுப்பாடு நீங்கிற்று. 2008-ல் யுனெஸ்கோ நம் நகரை உலகப் பாரம்பரிய நகராக அறிவித்தது. அதன் பின்னர் கடைவீடுகளை நாடி வருவோர் பெருகினர். அக்காலத்தை நினைத்து ஒருவர், "தோஸ் ஷாப்ஹவுஸஸ் வென்ட் ஃபார் எ ஸாங்" என்றால், அற்ப விலைக்குப் போய்விட்டன என்று வருந்துகிறார். தரகர் ஒருவர் உம் பங்காளியிடம் "ஹி வில் ஸெல் இட் ஃபார் எ ஸாங்" என்று சொல்வதைக் கேட்டால், உம் சொத்துக்கு அவர் வைத்திருக்கும் மதிப்பு என்னவென்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

"டு தி ட்யூன் ஆஃப்": ஒரு தொகைக்கு முன்னால் வரும். "இவ்வளவு பெரிய தொகைக்கு" என்று கொள்க. வக்கீல் கடிதத்தில் "அரியர்ஸ் டு தி ட்யூன் ஆஃப் எயிட் தௌஸண்ட் ரிங்கிட்" என்றிருந்தால், 8,000 வெள்ளி பாக்கி நிற்கிறது என்பதே செய்தி. "ட்யூன்" என்ற வார்த்தையைக் கண்டு பாட்டு விஷயமாக்கும் என்று மேசைக்குள் போட்டுவிட்டால் தவணை கடந்துவிடும்.

"சேஞ்ச் ஹிஸ் ட்யூன்": பேச்சை மாற்றுதல். நேற்று ஒப்புக்கொண்ட விலையை இன்று மறுப்பவரைப் பற்றி "ஹி ஹாஸ் சேஞ்ச்ட் ஹிஸ் ட்யூன்" என்பர்.

"டான்ஸ் டு ஹிஸ் ட்யூன்": அவர் சொற்படி ஆடுதல். நாம் "அவர் தாளத்துக்கு ஆடுகிறான்" என்கிறோம். நமக்குத் தாளம், ஆங்கிலேயருக்கு மெட்டு. கருத்து ஒன்றே, துணைச் சொல் மட்டும் மாறுகிறது.

"கால் தி ட்யூன்": அதிகாரம் செலுத்துதல். குழலூதுபவனுக்குக் கூலி கொடுப்பவனே எந்த மெட்டை வாசிப்பது என்று சொல்வான் என்ற பழமொழியிலிருந்து வந்தது. கூட்டு வியாபாரத்தில் முதல் போட்டவர் யாரோ அவரே "கால்ஸ் தி ட்யூன்".

"ஃபேஸ் தி மியூசிக்": செய்த காரியத்தின் விளைவை ஏற்றுக்கொள்ளுதல். கணக்கில் பிசகு கண்டவர் "யூ வில் ஹாவ் டு ஃபேஸ் தி மியூசிக்" என்றால், கச்சேரிக்கு அழைக்கவில்லை. பதில் சொல்லத் தயாராக இரும் என்கிறார்.

"தி ஸேம் ஓல்ட் ஸாங்": நாம் சொல்லும் "பழைய பல்லவி" இதுவே. கடனைக் கேட்டால் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று சொல்பவரை நினைத்துக்கொண்டால் இது மறக்காது.

"ம்யூசிக் டு மை இயர்ஸ்": காதுக்கு இனிய சேதி. சரக்குக் கப்பல் வந்து சேர்ந்தது என்று ஆள் வந்து சொன்னால் இதைச் சொல்லலாம்.

7. பயிற்சி

கீழ்க்கண்ட ஆறையும் முதலில் வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். அதன் பின்னரே விடையைப் பார்க்க வேண்டுகிறோம்.

அ. பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.
ஆ. இமாம் குர்ஆன் ஓதுகிறார்.
இ. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.
ஈ. அவர் கடையை அடிமாட்டு விலைக்கு விற்றார்.
உ. எல்லாரும் பல்லவியைச் சேர்ந்து பாடினார்கள்.
ஊ. நேற்று ஒரு பேச்சு, இன்று ஒரு பேச்சு பேசுகிறார்.

விடைகள்:

அ. ப்ளீஸ் டர்ன் தி மியூசிக் டவுன் எ லிட்டில்.
ஆ. தி இமாம் இஸ் ரிஸைட்டிங் தி குர்ஆன்.
இ. ஐ ஹாவ் லாஸ்ட் மை வாய்ஸ்.
ஈ. ஹி ஸோல்ட் தி ஷாப் ஃபார் எ ஸாங்.
உ. எவ்ரிபடி ஜாயின்ட் இன் தி கோரஸ்.
ஊ. ஹி ஹாஸ் சேஞ்ச்ட் ஹிஸ் ட்யூன்.

சகோதரர்களே! நாணயமும் உழைப்பும் நம்மவரிடம் குறைவில்லை. நம் முன்னோர் மலாயும் தமிழும் கொண்டு இத்தீவில் வியாபாரத்தை வளர்த்தார்கள். இன்றோ வாடகை ஒப்பந்தமும் வக்கீல் கடிதமும் ஆங்கிலத்திலும் வருகின்றன. அவற்றைப் படித்துச் சொல்லப் பிறரை எதிர்பார்ப்பவர், அவர் சொன்னதையே நம்ப வேண்டியவராகிறார். தாமே படித்தறிபவர் தம் முதலைத் தாமே காத்துக்கொள்கிறார்.

ஒரு நாளைக்கு ஒரு சேர்க்கை போதும். வரவு செலவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். மறுநாள் கடைக்கு வருபவரிடம் அதை ஒரு தடவையாவது பேசிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளைக் கூட அமர்த்தி, அவர்களைக் கேள்வி கேட்கச் சொல்லி நீங்கள் விடை சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் தமிழ்ச் சொல்லின் அருமை விளங்கும். உங்களுக்கும் ஆங்கிலச் சொல்லின் துணை மனத்தில் பதியும். இன்ஷா அல்லாஹ், ஆண்டு முடிவதற்குள் முந்நூறுக்கு மேற்பட்ட சேர்க்கைகள் நம் கைவசம் இருக்கும்.